அப்பா வெட்டிய கால்வாய்

அரசியல் குடும்பத்தில் பிறந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ‘அப்பன் பேரைச் சொல்லி வந்தவன்’ என்பது ஒன்று. ‘யார் மகனாக இருந்தால் என்ன, திறமைசாலிதானே’ என்பது இன்னொன்று. இரண்டுமே வாரிசு நாற்காலிக்கு எப்படி வந்தார் என்பதோடு நின்றுவிடுகின்றன. உட்கார்ந்த பிறகு அவருடைய மேசையில் கிடக்கும் கோப்புகள் யார் தொடங்கி வைத்தவை என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு நான்கு முறை ஆளுநராக இருந்த ஜெர்ரி பிரவுனின் அரசியல் வாழ்க்கையை அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் பிடி கிடைக்கிறது. அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது பெயர் மட்டுமல்ல, முடியாத வேலைகளும் சேர்ந்தே வந்தன. பிறகு, அரசியலில் அபூர்வமாக நடக்கிற ஒன்றாக, அவர் தமக்குத் தாமே வாரிசாகவும் வந்தார்.

அமெரிக்க மாநில ஆளுநர் நம் மாநில ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவர்தான் அங்கே பட்ஜெட் போடுகிறார், சட்டங்களில் கையெழுத்திடுகிறார், நீதிபதிகளை நியமிக்கிறார். நம் முதலமைச்சரோடு ஒப்பிடத்தக்க பதவி.

தந்தை எட்மண்ட் பிரவுனை எல்லோரும் ‘பேட்’ என்றே அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அரசு வழக்கறிஞர், பிறகு மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், 1959 தொடக்கத்தில் ஆளுநர். 1962இல் அவரை எதிர்த்து நின்று தோற்றவர் ரிச்சர்ட் நிக்சன். கைகுலுக்குவதில் சலிக்காத, கட்டடங்களைக் கட்டிக்கொண்டே இருக்க ஆசைப்பட்ட, பழைய பாணி அரசியல்வாதி பேட். மாநிலத்தின் மழை வடக்கே. மக்களும் வயல்களும் பெரும்பாலும் தெற்கே. தண்ணீரைக் கொண்டுபோக 175 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 1960 நவம்பரில் மக்களிடம் ஒப்புதல் கேட்டார். சுமார் 58 லட்சம் பேர் வாக்களித்ததில் 1,74,000 வாக்கு வித்தியாசத்தில்தான் அது தப்பியது. அதிலிருந்து எழுந்தவைதான் 770 அடி உயரமுள்ள ஓரோவில் அணையும், 444 மைல் நீளக் கால்வாயும், டெஹாச்சப்பி மலையைத் தாண்டத் தண்ணீரை 1,900 அடிக்கு மேல் தூக்கி எறியும் பம்பு நிலையமும். அந்தக் கால்வாய்க்கு இன்றும் அவர் பெயர்தான்.

அதே 1960இல் உயர்கல்விக்கான பெருந்திட்டம் சட்டமானது. பள்ளி இறுதியில் முதல் எட்டில் ஒரு பங்கில் வருபவருக்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கில் வருபவருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரிகள் என்பது அதன் அடுக்கு. சான் டியாகோ, இர்வைன், சாண்டா குரூஸ் வளாகங்கள் அந்தக் காலத்தவை. 1966இல் மூன்றாம் முறை நின்றபோது ரொனால்டு ரீகனிடம் ஏறக்குறைய பத்து லட்சம் வாக்கு வித்தியாசத்தில் பேட் தோற்றார். இடையே பெர்க்லி மாணவர் போராட்டமும் வாட்ஸ் கலவரமும் நடந்துவிட்டன. கட்டிக் கொடுத்தவருக்கே வாக்களிக்க வேண்டும் என்ற கடமை வாக்காளருக்குக் கிடையாதே.

மகன் ஜெர்ரி 1938இல் பிறந்தவர். முழுப்பெயர் அப்பாவுடையதேதான், கடைசியில் ஒரு ‘ஜூனியர்’ மட்டும் கூடுதல். பதினெட்டு வயதில் அவர் போய்ச் சேர்ந்தது கட்சி அலுவலகத்தில் அல்ல, இயேசு சபையின் குருமடத்தில். லாஸ் கேட்டஸ் மலையடிவாரத்தில் மூன்றரை ஆண்டு மௌனமும் ஜெபமும். 1960 தொடக்கத்தில் அங்கிருந்து வெளியேறி பெர்க்லியில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படிக்கப் போனார். அரசியலில் அவர் முதன்முதலாகத் தலையிட்டது அந்த ஆண்டு பிப்ரவரியில், ஒரு தொலைபேசி அழைப்பின் வழியாக.

கேரில் செஸ்மன் என்ற கைதி கொலை செய்தவர் அல்ல. கொள்ளை, பாலியல் வன்முறை, கடத்தல் ஆகிய குற்றங்களுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாக மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தார். தண்டனை நிறைவேற வேண்டியதற்கு முந்தைய இரவு ஜெர்ரி அப்பாவை அழைத்து, நிறுத்திவையுங்கள் என்று வாதாடினார். கத்தோலிக்கரான பேட்டுக்கும் உள்ளூர மரண தண்டனை பிடிக்காது. அறுபது நாள் நிறுத்திவைத்தார், தண்டனையையே ஒழிக்கச் சட்டமன்றத்தைக் கேட்டார், அது மறுத்தது. மே 2ஆம் தேதி செஸ்மன் விஷவாயு அறையில் கொல்லப்பட்டார். காப்பாற்றப் பார்த்ததற்கு ஒரு தரப்பும், கைவிட்டதற்கு மறுதரப்பும் பேட்டைத் திட்டித் தீர்த்தன. ‘உறுதியில்லாதவர்’ என்ற பட்டம் அதன் பிறகு அவரை விடவே இல்லை. ஒரு மகன் தந்தையின் அரசியலுக்கு இழைத்த மிகப் பெரிய சேதம் இதுவாகத்தான் இருக்கும். அதே சமயம், தந்தை மனசாட்சியோடு நடந்துகொண்ட தருணங்களில் முக்கியமானதும் இதுதான். பேட் தம் பதவிக்காலத்தில் இருபத்து மூன்று பேரின் மரண தண்டனையைக் குறைத்தார். முப்பத்தாறு பேரைச் சாகவிட்டார். அந்தக் கணக்கை வைத்தே முதுமையில் ஒரு நூலும் எழுதினார்.

யேலில் சட்டம் படித்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் வழக்கறிஞரான ஜெர்ரி, 1969இல் அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளின் அறங்காவலர் குழுவுக்கு நின்றார். நூறு பேருக்கு மேல் போட்டியிட்ட தேர்தலில் முதலாவதாக வந்தார். வாக்குச்சீட்டில் இருந்தது அப்பாவின் பெயர். இதில் அலச வேறொன்றும் இல்லை. மறு ஆண்டே தேர்தல்களை மேற்பார்வையிடும் மாநிலச் செயலாளர் பதவி. யாரும் சீந்தாத அந்த அலுவலகத்தை அவர் ஒரு கருவியாக மாற்றியதைத்தான் அவருடைய சொந்தச் சம்பாத்தியம் என்று சொல்ல வேண்டும். தேர்தல் நன்கொடைக் கணக்கை மறைத்த பெரிய எண்ணெய் நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார். நிக்சன் வரிச்சலுகைக்காகத் தம் ஆவணங்களைக் கொடையளித்ததாகக் காட்டிய பத்திரத்தில் முன்தேதி போடப்பட்டதை அவருடைய அலுவலகம் துருவியது. 1974இல் நன்கொடை, லாபி கட்டுப்பாட்டுச் சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற முன்னின்றார். வாட்டர்கேட் ஆண்டு அது. அப்பாவின் பெயரும் ஊழல் எதிர்ப்பு முகமும் சேர்ந்து, முப்பத்தாறு வயதில் அவரை ஆளுநராக்கின. வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெயர் இல்லாவிட்டால் அந்த மூன்று சதவீதம் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கலாம்.

பதவிக்கு வந்ததும் மகன் செய்ததெல்லாம் அப்பாவுக்கு நேர்மாறு. ரீகன் காலத்தில் திட்டமிட்டுக் கட்டிய புதிய ஆளுநர் மாளிகைக்குப் போக மறுத்து, தலைமைச் செயலகத்துக்கு அருகே ஒரு வாடகை அடுக்ககத்தில், தரையில் மெத்தை போட்டுப் படுத்தார். லிமோசின் காரை விட்டுவிட்டு அரசுக் கொட்டிலில் இருந்த நீல நிறப் பிளிமத் காரில் போனார். ‘இது எல்லைகளின் காலம்’ என்றார்; ‘சிறியதே அழகு’ எழுதிய ஷூமாக்கரின் சிந்தனையில் தோய்ந்திருந்தார்; நெடுஞ்சாலைத் திட்டங்களைச் சுருக்கினார். சிகாகோ பத்திரிகையாளர் மைக் ராய்க்கோ கேலியாகச் சூட்டிய ‘மூன்பீம் கவர்னர்’ என்ற பட்டம், அதை அவரே பிற்பாடு திரும்பப் பெற்றுக்கொண்ட பின்னும், ஒட்டிக்கொண்டது.

மெத்தையையும் காரையும் பற்றி எழுதியவர்கள் அளவுக்கு மற்றவற்றை எழுதியவர்கள் இல்லை. 1975இல் வந்த விவசாயத் தொழிலாளர் உறவுச் சட்டம், சீசர் சாவெஸின் சங்கத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு உரிமை தந்தது. மின்சாதனங்களுக்கும் கட்டடங்களுக்கும் மின்சிக்கன விதிகள், காற்றாலைக்கும் சூரிய சக்திக்கும் வரிச்சலுகை, இளைஞர்களைக் காட்டுத்தீ, வெள்ள வேலைகளில் இறக்கும் பாதுகாப்புப் படை எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியையும் முதல் கறுப்பின நீதிபதியையும் நியமித்ததும் அவரே. அந்தப் பெண், தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட், மரண தண்டனை வழக்குகளில் தொடர்ந்து எதிராகத் தீர்ப்பளித்ததால் 1986இல் வாக்காளர்களால் பதவி நீக்கப்பட்டார். செஸ்மன் விவகாரத்தின் நிழல் இங்கும் விழுகிறது.

ஆனால் முதல் சுற்றின் பெருஞ்சறுக்கல் சொத்து வரியில்தான் நடந்தது. எழுபதுகளில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போக, மதிப்பீட்டோடு வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் சொந்த வீட்டுக்கு வரி கட்ட முடியாமல் திணறினார்கள். மாநிலக் கஜானாவிலோ உபரி பணம் குவிந்து கிடந்தது. சிக்கனத்தைப் பெருமையாகக் கருதிய ஆளுநர் அதை எடுத்து மக்களுக்கு நிவாரணம் தரும் சட்டத்தைக் காலத்தில் கொண்டுவரவில்லை. வரி எதிர்ப்பாளர்களான ஹோவர்டு ஜார்விஸும் பால் கேனும் கையெழுத்து திரட்டி, 1978 ஜூன் 6 வாக்கெடுப்பில் 13ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். வரி, மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. விற்பனை ஆகாதவரை மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது.

அதுவரை அந்தத் தீர்மானத்தைக் கடுமையாக எதிர்த்த ஜெர்ரி, முடிவு வந்த மறுநாளே அதன் தீவிர பக்தரானார். உபரியை உள்ளாட்சிகளுக்கு வாரிக் கொடுத்து ஓட்டையை அடைத்தார். ‘ஜெர்ரி ஜார்விஸ்’ என்று கேலி செய்தார்கள். நவம்பரில் பதின்மூன்று லட்சம் வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். இதைச் சாமர்த்தியம் என்பவர்கள் உண்டு. எனக்கு இது அவருடைய வாழ்நாளின் மிக மலிவான வெற்றியாகவே படுகிறது. பேட் கட்டிய பள்ளிகளும் கல்லூரிகளும் எந்த வருவாயை நம்பி நின்றனவோ, அதன் அடித்தளம் மகனின் காலத்தில் தகர்ந்தது. மகன் அதற்கு மாலை போட்டார்.

இரண்டாவது பதவிக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1976ஐப் போலவே 1980இலும் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று ஊர் சுற்றினார். அவர் மாநிலத்தை விட்டு வெளியே போகும்போதெல்லாம் எதிர்க்கட்சியைச் சேர்ந்த துணை ஆளுநர் மைக் கர்ப் பொறுப்பு ஆளுநராகி, நீதிபதி நியமனம் வரை போனார். 1981இல் பழ ஈ பரவியபோது மாலத்தியான் மருந்தை வானிலிருந்து தெளிக்கத் தயங்கி, பிறகு மத்திய அரசின் மிரட்டலில் பணிந்தார். மருந்து ஆபத்தில்லை என்று காட்ட, அந்த இளைஞர் பாதுகாப்புப் படையின் தலைவர் நீர்த்த மாலத்தியானை ஒரு கோப்பையில் ஊற்றிப் பத்திரிகையாளர் முன்னால் குடித்தே காட்டினார். அப்பாவின் நீர்த் திட்டத்தில் விட்டுப்போன கண்ணியான, ஆற்று டெல்டாவைச் சுற்றிச் செல்லும் கால்வாய், 1982 ஜூன் வாக்கெடுப்பில் தோற்றது. அந்த நவம்பரில் செனட் தேர்தலில் பீட் வில்சனிடம் ஜெர்ரியும் தோற்றார்.

பிறகு ஜப்பானில் ஜென் தியானம், கல்கத்தாவில் அன்னை தெரசாவின் இல்லத்தில் தொண்டு. 1992இல் நூறு டாலருக்கு மேல் நன்கொடை வாங்க மாட்டேன் என்று மூன்றாம் முறை ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் இறங்கி, கிளிண்டனுக்கு அடுத்த இடத்தில் வந்தார். இவையெல்லாம் கதைக்குச் சுவையானவை. ஆளுநர் என்ற முறையில் அவரை மாற்றியது 1999 முதல் 2007 வரை ஓக்லண்ட் நகர மேயராக இருந்த எட்டு ஆண்டுகள்தான். முன்னாள் ஆளுநர் மேயர் ஆவது படியிறங்குவதாகத் தோன்றலாம். குற்றம் மலிந்த, நகர மையம் வெறிச்சோடிக் கிடந்த ஊரில் பத்தாயிரம் பேரைக் குடியேற்றுவேன் என்றார். ராணுவப் பாணிப் பள்ளி ஒன்றும் கலைப்பள்ளி ஒன்றும் தொடங்கினார். தாம் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்ட சட்டங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது என்ன ஆகின்றன என்பதை அங்கேதான் பார்த்தார். அதன்பின் அப்பா வகித்த அட்டர்னி ஜெனரல் பதவி, அடுத்து 2010இல் மீண்டும் ஆளுநர் தேர்தல். ஆளுநர் இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 1990ஆம் ஆண்டு விதி முந்தைய காலத்துக்குப் பொருந்தாது என்பதால் அவருக்கு வழி கிடைத்தது. எதிரே நின்ற மெக் விட்மன் சொந்தப் பணத்தில் மட்டும் பதினான்கு கோடி டாலருக்கு மேல் இறைத்தும் தோற்றார்.

எழுபத்திரண்டு வயதில் அவர் ஏறிய நாற்காலிக்கு முன்னால் கிடந்தது, அவரே எழுபதுகளில் விட்டுப்போன கோப்பு. பட்ஜெட்டில் 2,500 கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. வரி உயர்த்த மூன்றில் இரண்டு பங்கு; அது கிடைக்காது. அரசு ஊழியர்களிடம் இருந்த 96,000 கைபேசிகளில் பாதியைத் திருப்பி வாங்கச் சொன்னது அவருடைய முதல் உத்தரவுகளில் ஒன்று. அதில் மிச்சமாகும் காசு சொற்பம். ஆனால் வெட்டப் போகிறவர் முதலில் எங்கே கத்தி வைக்கிறார் என்பதை ஊர் கவனிக்கும் என்று அவருக்குத் தெரியும். 2011 ஜூனில் சொந்தக் கட்சியின் சட்டமன்றம் நிறைவேற்றிய பட்ஜெட்டைக் கண்துடைப்பு என்று நிராகரித்தார். அம்மாநில வரலாற்றில் பட்ஜெட் முழுவதையும் ஓர் ஆளுநர் நிராகரித்தது அதுவே முதல் முறை. மேயராக இருந்தபோது தாம் சார்ந்திருந்த நகர மறுசீரமைப்பு முகமைகளையே, பள்ளிக்குப் போக வேண்டிய வரியைத் தின்கின்றன என்று கூறி, நானூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஒழித்தார். 2012 நவம்பரில் வசதி படைத்தோரின் வருமான வரியைச் சில ஆண்டுகளுக்கு உயர்த்தும் 30ஆம் எண் தீர்மானத்தை மக்களிடம் வைத்து, 55 சதவீத வாக்குடன் வென்றார். 1978இல் மக்கள் தீர்ப்புக்குப் பின்னால் ஓடியவர், இம்முறை முன்னால் நின்று கேட்டார். பதவி விலகும்போது நெருக்கடிக் காலத்துக்கான சேமிப்பு நிதியில் 1,300 கோடி டாலருக்கு மேல் இருந்தது.

சிறை விஷயமும் அப்படித்தான். 1976இல் அவர் கையெழுத்திட்ட நிர்ணயத் தண்டனைச் சட்டம், கைதி எப்போது வெளியே வரலாம் என்று பரோல் வாரியம் முடிவுசெய்வதைப் பெரும்பாலான குற்றங்களில் நிறுத்தி, குறித்த ஆண்டுகளைச் சட்டத்திலேயே எழுதியது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். அப்போது இடதுசாரிகளே அதைக் கேட்டார்கள். ஆனால் ஆண்டு எண்ணிக்கை சட்டப் புத்தகத்தில் இருந்ததால் அடுத்தடுத்த சட்டமன்றங்கள் அதை ஏற்றிக்கொண்டே போயின. எண்பதாயிரம் பேருக்கும் குறைவானவர்களுக்குக் கட்டிய சிறைகளில் ஏறக்குறைய இரு மடங்கு கைதிகள் அடைக்கப்பட்டார்கள். 2011 மேயில் நாட்டின் உச்ச நீதிமன்றம் கூட்டத்தைக் குறைக்க உத்தரவிட்டபோது, வழக்கில் மாநிலத் தரப்பின் பெயர் ‘பிரவுன்’ என்றே இருந்தது. முதலில் முரண்டு பிடித்தார். பிறகு சிறு குற்றவாளிகளை மாவட்டச் சிறைகளுக்கு மாற்றினார். 2016இல் பரோலை விரிவாக்கும் 57ஆம் எண் தீர்மானத்தைத் தாமே கொண்டுவந்து, பழைய சட்டத்தின் விளைவைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு சட்டத்தைப் போட்டவரே நாற்பது ஆண்டு கழித்து அதைத் திருத்தும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

தண்ணீர் மட்டும் கடைசிவரை அப்பாவுடையதாகவே இருந்தது. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி, வழக்கமாகப் பனி ஆளுயரம் குவிந்திருக்கும் சியரா நெவாடா மலையின் அளவை இடத்தில், காய்ந்த புல்லின் மேல் நின்றுகொண்டு, நகர்ப்புறங்கள் 25 சதவீதம் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று அறிவித்தார். இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழ். 2017 பிப்ரவரியில் ஓரோவில் அணையின் பிரதான வழிந்தோடியின் காங்கிரீட்டில் பெருங்குழி விழுந்தது. அணை கட்டி முடித்த 1968 முதல் அதுவரை தண்ணீர் தொடாத அவசர வழிந்தோடியில் வெள்ளம் பாய்ந்தது. அதற்குக் கீழே காங்கிரீட் தளம் கிடையாது, வெறும் மலைச்சரிவு. மண் அரிக்கத் தொடங்கியதும் 1,88,000 பேரை ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தச் சரிவுக்குக் காங்கிரீட் போடுங்கள் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் 2005இலேயே மனுக் கொடுத்திருந்தன. அதிகாரிகள் தேவையில்லை என்றுவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு வரும் கூட்டம் பராமரிப்புக்கு வருவதில்லை. அப்பாவின் மிகப் பெரிய சாதனையைப் பழுது பார்க்கும் செலவுக்கு மகன் கையெழுத்திட்டார். டெல்டாவைக் கடக்கும் கால்வாயை இரட்டைச் சுரங்கமாக மாற்றி மறுபடி முயன்றதும் கைகூடவில்லை. அடுத்து வந்தவர் வந்த உடனேயே ஒரு சுரங்கம் போதும் என்றார். குடும்பத்தின் இரண்டு ஆளுநர்கள், இருபத்து நான்கு ஆண்டு ஆட்சி, அந்தக் கண்ணி இன்னும் விட்டே கிடக்கிறது.

பெயரே எல்லாம் தந்துவிடும் என்றால் தங்கை கேத்லீனுக்கும் தந்திருக்க வேண்டும். மாநிலப் பொருளாளராக வென்ற அவர், 1994இல் ஆளுநர் தேர்தலில் பெருந்தோல்வி அடைந்தார். வென்றவர் அண்ணனை 1982இல் வீழ்த்திய அதே பீட் வில்சன். நியூயார்க்கில் மாரியோ கோமோவின் மகன் ஆண்ட்ரூ அப்பாவின் நாற்காலியில் பத்தாண்டு அமர்ந்து, 2021 ஆகஸ்டில் பாலியல் புகார்களால் விலகினார். ஜெர்ரிக்குக் கிடைத்து இவர்களுக்குக் கிடைக்காதது இடைவெளி. நாற்பத்து நான்கு வயதில் தோற்று, இருபத்தெட்டு ஆண்டு வெளியே இருந்திராவிட்டால், வரலாற்றில் அவர் நீலக் காரோடும் பழ ஈயோடும்தான் நின்றிருப்பார்.

செய்யாமல் விட்டவையும் பெரியவை. வீட்டு வாடகையும் விலையும் சாதாரணச் சம்பளக்காரர்களை ஊரைவிட்டே துரத்திய ஆண்டுகள் அவருடைய இரண்டாம் சுற்றின் செழிப்பான ஆண்டுகள்தான். மறுசீரமைப்பு முகமைகளோடு மலிவு வீடுகளுக்கான நிதியும் போனது. அதை ஈடுகட்ட அவருக்கு அவசரம் இருக்கவில்லை. பருவநிலைக்காக உலகம் சுற்றிய அவர், சொந்த மாநிலத்தின் எண்ணெய்க் கிணறுகளைத் தொடவில்லை என்று அவருடைய ஆதரவாளர்களே கொதித்தார்கள். 13ஆம் எண் தீர்மானத்தின் அருகே அவர் போகவே இல்லை. வணிகச் சொத்துகளுக்கு மட்டுமாவது அதைத் தளர்த்தலாம் என்று 2020இல் வந்த தீர்மானமும் தோற்றது.

அந்த 1960ஆம் ஆண்டுத் தொலைபேசி விவகாரமும் முடியாமலே நின்றது. ஜெர்ரியின் பதினாறு ஆண்டுகளில் ஒரு மரண தண்டனைகூட நிறைவேறவில்லை. நீதிமன்றத் தடைகளே அதற்குப் பெருங்காரணம். கடைசி மாதங்களில் மன்னிப்புகளை வாரி வழங்கினார். இரண்டாம் சுற்றில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். எழுநூறுக்கும் மேற்பட்ட மரண தண்டனைக் கைதிகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டு 2019 ஜனவரியில் விலகினார். மொத்தத்துக்கும் தண்டனையைக் குறைக்க முடியாதபடி சட்டத் தடை இருந்தது. ஆனால் நிறுத்திவைக்கும் உத்தரவுக்கு யார் சம்மதமும் தேவைப்பட்டிருக்காது. இரண்டு மாதம் கழித்து அந்த உத்தரவைப் போட்டவர் புதிய ஆளுநர் கேவின் நியூசம். அவர் பிரவுன் வீட்டுப் பிள்ளை அல்லதான். ஆனால் பேட்டின் ஆரம்பகாலத் தேர்தலை நடத்திக் கொடுத்தவர் அவருடைய தாத்தா. ஜெர்ரி 1975இல் நீதிபதியாக நியமித்தவர் அவருடைய அப்பா.